மைண்ட் மேப்பா, ஆப்பா, நோட்ஸா, மூடிட்டு சொல்லிப் பாக்குறதா: உங்க புள்ளைக்கு எது சரி?

போன ஒரு மாசத்துல மூணு பேரு ஏறக்குறைய ஒரே கேள்விய என்கிட்ட கேட்டுட்டாங்க. வேதாளையில இருந்து ஒரு மதினி, மகன் அஞ்சாப்பு, "டவுன்ல மைண்ட் மேப் கிளாஸ்னு நோட்டீஸ் குடுத்துருக்காங்க, சேத்து விடவா"ன்னு. கீழக்கரையில ஒரு லாத்தா, மக எட்டாப்பு, "போன்லயே ஆப் இருக்காம்ல, அது போதுமா, இல்ல நோட்டுல வரைய வைக்கவா"ன்னு. மூணாவது என் சொந்தத் தம்பி, அவன் கேட்டதுதான் மனசுல தச்சுது: "அக்கா, பாப்பா கடகடன்னு நல்லாத்தான் வாசிக்குறா, முடிச்சதும் என்னத்தா இருந்துச்சு அதுலன்னு கேட்டா முழிக்குறா."

ராமநாதபுரம் மாவட்டத்துல மண்டபம்ங்குற ஊருப் பக்கம் சாயங்காலம் புள்ளைங்கள உக்கார வச்சு பாடம் சொல்லிக் குடுத்துக்கிட்டு வர்றேன், இந்த ஒவ்வொரு வழியையும் அவங்களோட பண்ணிப் பாத்துருக்கேன், அதனால மூணு பேருக்கும் சேத்து ஒரே இடத்துல எழுதிடுறேன்.

மைண்ட் மேப்னா ரொம்ப சிம்பிள். தாளுக்கு நடுவுல தலைப்பு, அதுல இருந்து நாலஞ்சு கிளை, கிளையில இருந்து சின்னச் சின்ன கிளை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வார்த்தை இல்லன்னா ஒரு படம். டோனி பூசான்னு ஒருத்தரு 1974ல பிபிசி டிவியில சொல்லித்தான் இந்தப் பேரு உலகம் பூரா பரவுச்சு. நம்ம ஊருக்கும் இது புதுசு இல்லங்க. 2007-08 வாக்குல அரசுப் பள்ளிகள்ல ஆறாப்புல இருந்து எட்டாப்பு வரைக்கும் படைப்பாற்றல் கல்வின்னு கொண்டு வந்தாங்கல்ல, அதுல பாடத்த வாசி, தெரியாத வார்த்தைக்கு அடிக்கோடு போடு, மனவரைபடம் வரை, குழுவா உக்காந்து பேசுன்னு வரும். இன்னைக்கு முப்பது வயச ஒட்டி இருக்குற அப்பா அம்மா நெறைய பேரு ஸ்கூல்ல இத வரைஞ்சவங்கதான், பேரு மட்டும் இப்ப வேற மாதிரி காதுல விழுது.

## எத வச்சு அளக்குறது

எது நல்லதுன்னு கேக்குறதுக்கு முன்னாடி எதுக்கு நல்லதுன்னு கேக்கணும். நான் ஆறு விசயம் பாக்குறேன்:

- வாசிச்சது புரியுதா, அதாவது சொந்த வார்த்தையில சொல்ல வருதா
- யோசிக்குதா, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் என்ன சம்பந்தம்னு தானா சொல்லுதா
- ரெண்டு வாரம் கழிச்சும் மனசுல நிக்குதா
- ஒரு பாடத்துக்கு எவ்வளவு நேரம் தின்னுது
- கைக்காசு, போன், டேட்டா எவ்வளவு போகுது
- கூட ஒரு பெரியாளு உக்காந்தே ஆகணுமா

கடைசி விசயத்துக்கு நம்ம பக்கம் கூடுதல் மதிப்பு குடுக்கணும். அப்பா சாயங்காலம் கடலுக்குப் போயிருவாரு, அம்மா பாசி எடுக்கவோ கருவாடு காய வைக்கவோ நண்டு கம்பெனிக்கோ போயிட்டு அசந்து போயி வருவாங்க, அவங்கள தெனமும் ஒரு மணி நேரம் பக்கத்துல உக்காருங்கன்னு சொல்ற எந்த முறையும் ஒரு வாரத்துக்கு மேல ஓடாது.

இன்னொண்ணும் முன்னாடியே சொல்லிடுறேன். புள்ள இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்குதுன்னா கீழ இருக்குற எதுவும் இப்ப வேணாம். அந்தப் புள்ளையோட முழுத் தெம்பும் எழுத்த அடையாளம் கண்டுபிடிக்கவே செலவாகிருது, அதுக்கு மேல கிளை போடச் சொன்னா வாசிப்பு மேலயே வெறுப்பு வந்துரும். சத்தமா கூடச் சேந்து வாசிங்க, கதை சொல்லுங்க, கேள்வி கேளுங்க, மேப் ஆறு மாசம் கழிச்சு வரட்டும்.

## வழி 1: கையால தாள்ல வரையுற மைண்ட் மேப்

எங்க வீட்டுல மாசக் காலண்டர் தாளோட பின்பக்கம்தான், அகலமா இருக்கும், காசு இல்ல, காத்துல பறக்காம இருக்க ஒரு மூலையில சங்கு ஒண்ண வச்சுக்குவோம்.

போன வருசம் ஆறாப்பு படிக்குற ஒரு பொண்ணுக்கு கடல் பசு பத்தி ஒரு பக்கம் நானே எழுதிக் குடுத்தேன். வாசிச்சா. நடுவுல "கடல் பசு"ன்னு எழுதி வட்டம் போட்டா, அப்புறம் பேனாவ வாயில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்துருந்தா. என்னத்தான்னு கேட்டா, "டீச்சர், எங்க ஐயா இத ஆவுளியான்னு சொல்லுவாரு, அத எழுதலாமா"ங்குறா. எழுதுன்னு சொன்னதும் நாலு கிளை மளமளன்னு வந்துருச்சு. சாப்பாடு, மூச்சு, குட்டி, ஆபத்து. நான் குடுத்த தாள்ல "கடற்புற்களை உணவாக உட்கொள்கிறது"ன்னு இருந்துச்சு, அவ அத "புல்லு திங்கும்"னு எழுதுனா. மூச்சுங்குற கிளையில "மேல வரணும்", குட்டியில "ஒண்ணே ஒண்ணு, 3-7 வருசத்துக்கு ஒருக்கா", ஆபத்துல "வலை"ன்னு போட்டு பக்கத்துலயே வலைய வரைஞ்சுட்டா.

இதுல என்ன நடந்துச்சுன்னு பாருங்க, மைண்ட் மேப்போட உண்மையான பலனே இங்கதான் இருக்கு. கிளையில ஒரே ஒரு வார்த்தைதான் எழுதணும்னா புள்ள மொத்த வரியையும் காப்பி அடிக்க முடியாது, எது முக்கியம்னு அதுதான் முடிவு பண்ணணும். தமிழ்ல இது இன்னும் கொஞ்சம் கூடுதல் வேலை, ஏன்னா "கடற்புற்களை"ங்குறதுல இருந்து "ஐ"ய எடுத்து, "கள்"ள எடுத்து, "கடற்"ங்குறத "கடல்"னு மாத்தி, "கடல் புல்"னு மூலச் சொல்ல கண்டுபிடிக்கணும். புத்தகத் தமிழுக்கும் வீட்டுத் தமிழுக்கும் நடுவுல ஒரு பாலம் போட்ட மாதிரி ஆகுது. கடகடன்னு வாசிச்சுட்டு முழிக்குற புள்ளைங்க நெறைய பேருக்கு இந்தப் பாலந்தான் இல்ல. அதனால மொத மேப்புல பேச்சுத் தமிழ்லயே எழுத விடுங்க, திருத்தாதீங்க, ரெண்டாவது தடவ வரையும்போது புத்தக வார்த்தைக்கு மாத்திக்கலாம்.

மறைமுகச் செலவு என்னன்னா நேரம். ஸ்கெட்ச் பேனா டப்பாவத் தொறந்துட்டா சில புள்ளைங்க நாப்பது நிமிசம் கலர் அடிக்கும், பாக்க ரொம்ப அழகா இருக்கும், பாடம் மட்டும் மண்டையில ஏறிருக்காது. நான் இப்ப மொதல்ல பேனா மட்டுந்தான் குடுக்குறேன், கலரு வேணும்னா முடிச்ச அப்புறம் அஞ்சு நிமிசம். இன்னொரு செலவு பரீட்சையில தெரியும்: மேப் போட்டுப் பழகுன புள்ள அஞ்சு மார்க் கேள்விக்கு வாக்கியமா எழுதத் தடுமாறும். கிளைய வாக்கியமா மாத்துறது தனிப் பழக்கம், வாரத்துக்கு ஒரு மேப்பயாவது பத்தியா எழுத வைக்கணும்.

ஏத்த இடம்: நாலாப்புல இருந்து எட்டாப்பு வரை, அறிவியல், புவியியல், விலங்கு செடி கொடி பத்தின பாடம், கட்டுரை எழுதுறதுக்கு முன்னாடி யோசனைய சேக்குறது.

## வழி 2: அம்பு போட்டு வார்த்தை எழுதுற கான்செப்ட் மேப்

ரெண்டும் ஒண்ணுன்னு நெறைய பேரு நினைக்குறாங்க, இல்ல. கான்செப்ட் மேப்ப உருவாக்குனவரு கார்னெல் பல்கலைக்கழகத்துல இருந்த ஜோசப் நோவாக், 1972 வாக்குல புள்ளைங்களோட அறிவியல் அறிவு எப்படி வளருதுன்னு ஆராய்ச்சி பண்றப்ப வந்த முறை இது. மைண்ட் மேப்புல கோடு சும்மா கோடு. இதுல ரெண்டு வார்த்தைக்கு நடுவுல போற அம்பு மேல ஏன், எப்படின்னு எழுதணும்.

அதே பொண்ணு, அதே கடல் பசு தாளு. ரெண்டு நாள் கழிச்சு அவகிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், "இந்த நாலு கிளையில எதாச்சும் ரெண்டுக்கு சம்பந்தம் இருக்கா?" கொஞ்ச நேரம் பாத்துட்டு வலையில இருந்து மூச்சுக்கு ஒரு அம்பு போட்டு "மாட்டுனா மேல வர முடியாது"ன்னு எழுதுனா. அப்புறம் அவளே ஆபத்துங்குற கிளையில "இழுவை மடி"ன்னு (கடலடியில இழுத்துட்டுப் போற வலை) புதுசா சேத்து, அதுல இருந்து புல்லுக்கு ஒரு அம்பு, "அடியோட வாரிட்டுப் போயிரும்". அது நான் குடுத்த தாள்லயே இல்ல, வீட்டுல கேட்டது. கடைசியா குட்டியில இருந்து ஆபத்துக்கு ஒண்ணு: "ஒண்ணு செத்தா அடுத்தது வர நாளாகும்." வாசிப்பு யோசனையா மாறுறத கண்ணு முன்னாடி பாத்த நாள் அது.

ஆனா இது எல்லாப் புள்ளைக்கும் உடனே வராது. அம்பு மேல என்ன எழுதுறதுன்னு திணறும், "இருக்கிறது"ன்னு எல்லா அம்புலயும் ஒரே வார்த்தைய போட்டு வைக்கும். பக்கத்துல இருந்து ஏன்னு கேக்க ஒரு ஆளு வேணும், அதான் இதோட செலவு. தனி முறையா ஆரம்பிக்காம, மைண்ட் மேப் நல்லாப் பழகுன அப்புறம் அது மேலயே மூணு அம்பு மட்டும் போடச் சொல்றது எங்களுக்கு ஒத்து வருது.

ஏத்த இடம்: காரணம் விளைவு உள்ள பாடம், ஆறாப்புக்கு மேல, கேள்வி கேக்க ஒரு அக்காவோ அண்ணனோ வீட்டுல இருந்தா.

## வழி 3: போன்ல, கம்ப்யூட்டர்ல ஆப்

எக்ஸ்மைண்ட், காகிள், மைண்ட்மைஸ்டர், ஃப்ரீப்ளேன்னு நெறைய இருக்கு, இலவசமாவே ஆரம்பிக்கலாம். கிளைய இழுத்து இடம் மாத்தலாம், அழிச்ச தடம் தெரியாது, பெரிய பாடத்துக்கு தாளு பத்தலங்குற பிரச்சினை இல்ல.

சின்னப் புள்ளைக்கு நான் வேணாம்னுதான் சொல்லுவேன். போன் ஸ்கிரீன் சின்னது, மேப் பெருசானதும் ஒரு மூலை மட்டுந்தான் தெரியும், மொத்தத்தையும் ஒரே பார்வையில பாக்குறதுதானே மேப்போட பலனே. தமிழ்ல டைப் அடிக்குறது இன்னொரு தலைவலி, பாதி கவனம் கீபோர்டுல போயிரும், அது காட்டுற வார்த்தைய அப்படியே தட்டிட்டுப் போயிரும் புள்ள. அப்புறம் போனு பெரும்பாலும் அப்பாவோடது, அவரு வந்தாத்தான் போனு, வந்ததும் நோட்டிபிகேஷன், வீடியோ, அவ்வளவுதான் படிப்பு. ஆப் இலவசம்னாலும் போற கவனம் இலவசம் இல்ல.

லாத்தாவோட மக எட்டாப்பு, அவளுக்கு கதை கொஞ்சம் வேற. வீட்டுல அண்ணனுக்கு ஸ்கூல்ல குடுத்த லேப்டாப் சும்மா கெடக்குன்னா ஃப்ரீப்ளேன் போட்டுக்கலாம், நெட் இல்லாமலே ஓடும், ஒரு முழு யூனிட்டையும் பரீட்சைக்கு முன்னாடி ஒரே படமா கோத்து வைக்க நல்லாருக்கும். எழுதுனா கை வலிக்குது, எழுத்து ரொம்ப மெதுவா வருதுங்குற புள்ளைங்களுக்கும் ஆப் நெசமாவே உதவும், வாயால சொன்னா போனே எழுதிருமே.

## வழி 4: வரிசையா நோட்ஸ்

மைண்ட் மேப் பேச்சு வந்ததும் சாதா நோட்ஸ் பழசு, வேஸ்ட்டுன்னு ஒரு எண்ணம் வந்துருச்சு. அது சரியில்ல. வரிசை முக்கியமான எதுக்கும் நோட்ஸ்தான் பெஸ்ட்.

பாம்பன் பாலத்தயே எடுத்துக்கோங்க. 1914ல ரயில் பாலம் தொறந்தது, 1964 டிசம்பர்ல புயல்ல தனுஷ்கோடி அழிஞ்சது, 2025 ஏப்ரல்ல புதுப் பாலம். இத கிளை கிளையா போட்டா எது மொதல்ல எது பின்னாலன்னு கலங்கிரும், ஒரு நேர் கோடு போட்டு வருசத்த எழுதுனா முடிஞ்சுது. அதே பாலத்துல பழசுக்கும் புதுசுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா அதுக்கு கோடும் வேணாம் கிளையும் வேணாம், பழசுக்கு ஒரு பக்கம், புதுசுக்கு ஒரு பக்கம்னு பிரிச்ச அட்டவணை போதும்: பழசுல கப்பல் போக நடுப்பகுதி ரெண்டா பிரிஞ்சு மேல தூக்கும், புதுசுல 72.5 மீட்டர் நீளத் தண்டவாளப் பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் நேரா மேல போகும். பாடத்தோட வடிவம் எதுவோ அதுதான் குறிப்போட வடிவம். எந்தப் பாடத்துக்கு எந்த வடிவம்னு புள்ளையவே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்க, அதுவே பெரிய யோசனைப் பயிற்சி.

நோட்ஸோட ஆபத்து ஒண்ணுதான், மூளைய உபயோகிக்காமலே எழுத முடியும். கண்ணு பாக்கும், கை எழுதும், மனசு வெளிய விளையாடிட்டு இருக்கும். கணக்கு, இலக்கணம், வரலாறு, செய்முறைக்கெல்லாம் இது தாராளமாப் போதும்.

## வழி 5: புத்தகத்த மூடிட்டு சொல்லிப் பாக்குறது

காசு இல்ல, தாளு கூட வேணாம், ஆனா ஞாபகத்துல நிக்குற விசயத்துல இத அடிச்சுக்க ஆளு இல்ல.

2011ல சயின்ஸ் இதழ்ல கார்பிக்கி, பிளண்ட்னு அமெரிக்காவுல பர்டியூ பல்கலைக்கழகத்து ஆளுங்க ரெண்டு பேரு ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. கல்லூரி மாணவங்களுக்கு கடல் நீர்நாய் பத்தின ஒரு பாடத்த குடுத்து, ஒரு குரூப்ப புத்தகத்தப் பாத்து கான்செப்ட் மேப் வரையச் சொன்னாங்க, இன்னொரு குரூப்ப படிச்சுட்டு மூடி வச்சு ஞாபகத்துல இருந்து எழுதச் சொன்னாங்க. ஒரு வாரம் கழிச்சு டெஸ்ட் வச்சா மூடி வச்சு எழுதுனவங்கதான் முன்னாடி இருந்தாங்க, வெறும் மனப்பாடக் கேள்வியில மட்டுமில்ல, யோசிச்சு பதில் சொல்ற கேள்வியிலயும். அடுத்த பரிசோதனையில டெஸ்டே மேப் வரையுறதுன்னு வச்சும் அதே முடிவுதான்.

இத வச்சு மேப்பே வேணாம்னு சொல்லிறாதீங்க, நானும் ஒரு காலத்துல அப்படித்தான் நினைச்சேன். அவங்க ரெண்டு பேருமே 2014ல இன்னொண்ணு பண்ணாங்க, புத்தகத்த மூடிட்டு மேப் வரையச் சொன்னாங்க, அப்ப மேப்பும் மூடிட்டு எழுதுறதுக்கு சமமா நின்னுச்சு. அப்ப விசயம் கிளையில இல்லங்க, புத்தகம் தொறந்துருக்கா மூடிருக்காங்குறதுலதான் இருக்கு. அவங்க பரிசோதிச்சது பெரிய பசங்களத்தான், ஆனா எங்க புள்ளைங்ககிட்டயும் நான் இதத்தான் பாக்குறேன், தொறந்து வச்சு வரைஞ்ச மேப் அழகா இருக்கும், மூடி வச்சு வரைஞ்ச மேப் ஓட்டையா இருக்கும், அந்த ஓட்டைதான் எங்க புரியலன்னு காட்டும்.

வெறுமன சொல்லிப் பாக்குறதோட குறை, எது பெரிய விசயம் எது சின்ன விசயம்னு புள்ளைக்குத் தெரியாமப் போகலாம், வரிசையா ஒப்பிச்சுரும். அப்புறம் மறந்து போச்சுன்னு தெரியுறப்ப முகம் வாடிரும், அந்த நேரத்துல திட்டிட்டா அடுத்த நாள் வராது.

## வழி 6: காசு கட்டுற கிளாஸ், ரெடிமேட் மேப்

இத நீட்ட வேணாம். என் மகன அஞ்சாப்புல ஒரு சென்டர்ல சேத்து விட்டேன், மூணு மாசத்துக்கு நாலாயிரம், வலது மூளைய எழுப்புறோம்னு சொன்னாங்க. வலது மூளைப் புள்ள, இடது மூளைப் புள்ளன்னு பிரிக்குறதுக்கு அறிவியல்ல ஆதாரம் கெடையாது, படிக்கும்போது ரெண்டு பக்கமும் சேந்துதான் வேலை செய்யுது. அவங்க பிரிண்ட் போட்ட மேப்ப குடுத்தாங்க, இவன் கலர் அடிச்சான், அவ்வளவுதான் நடந்துச்சு. அடுத்தவங்க வரைஞ்ச மேப்புல முடிவெடுக்குற வேலைய அடுத்தவங்களே பண்ணிட்டாங்க, புள்ளைக்கு மிச்சம் மனப்பாடந்தான். அந்த நாலாயிரத்துக்கு எத்தனையோ கதைப் புத்தகம் வாங்கிருக்கலாம்ங்குற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கு. வீட்டுல படிப்ப கவனிக்க யாருமே இல்ல, கிளாஸ்ல புள்ளைய தானா வரைய விடுறாங்கன்னு நீங்க நேர்ல போயி பாத்துட்டீங்கன்னா மட்டும் யோசிங்க.

## ஒரே பார்வையில

நேரம் எங்க சாயங்கால வகுப்பு அனுபவத்துல ரெண்டு பக்கப் பாடத்துக்கு:

| வழி | நேரம் | செலவு | பலம் | பெரியாளு வேணுமா |
|---|---|---|---|---|
| கையால மைண்ட் மேப் | 20-25 நிமிசம் | பழைய தாளு, பேனா | முக்கியமானத பிரிச்செடுக்குறது | மொத ரெண்டு வாரம் |
| கான்செப்ட் மேப் | 30 நிமிசம் | அதே | காரணம், சம்பந்தம் | ஆமா |
| ஆப் | 30 நிமிசத்துக்கு மேல | போன், கவனம் | பெரிய யூனிட், திருத்துறது | காவலுக்கு வேணும் |
| நோட்ஸ் | 15-20 நிமிசம் | நோட்டு | வரிசை, பரீட்சை விடை | இல்ல |
| மூடிட்டு சொல்றது | 10 நிமிசம் | ஒண்ணுமில்ல | ஞாபகம் | காது குடுக்க ஒருத்தர் |
| கிளாஸ் | வாரம் 2-3 மணி நேரம் | பீஸ், பஸ் காசு | வாத்தியாரப் பொறுத்தது | அவங்களே |

## அப்ப மூணு பேருக்கும்

மதினிக்கு: கிளாஸ் வேணாம். அஞ்சாப்புதான, ராத்திரி சாப்பிட்டதும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி, புத்தகத்த மூடி வாங்கி வச்சுட்டு "சொல்லு பாப்போம்"னு கேளுங்க, வாரத்துல ரெண்டு நாள் மட்டும் அதையே தாள்ல வரையட்டும். உங்களுக்கு வாசிக்கத் தெரியணும்னு கூட அவசியமில்ல, புரியாத மாதிரி "அது ஏன்"னு கேட்டாப் போதும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்குப் போற அண்ணன் அப்ப வீட்டுலதான் இருப்பாரு, பள்ளிக்கூடமும் பாதி நாள் லீவு. அவரு வலைய சரி பண்ணிட்டு உக்காந்துருக்கும்போது புள்ளைய பக்கத்துல உக்கார வச்சு கதை மாதிரி கேக்கச் சொல்லுங்க, கடல் சம்பந்தப்பட்ட பாடம்னா அவருகிட்ட இருந்து புத்தகத்துல இல்லாத கிளையும் வரும்.

லாத்தாவுக்கு: போன் ஆப் வேணாம், தெனமும் கையால. பரீட்சைக்கு மூணு வாரம் இருக்கும்போது லேப்டாப்புல யூனிட் மேப், புத்தகத்தப் பாக்காம மொதல்ல, அப்புறம் தொறந்து விட்டதச் சேக்கட்டும். ஒவ்வொரு மேப்புலயும் மூணு அம்பு கட்டாயம், எட்டாப்புக்கு அது இல்லாம பத்தாது.

தம்பிக்கு: பாப்பா வேகமா வாசிக்குறதுதான் பிரச்சினையே. ஒரு பத்தி, நிறுத்து, மூடு, ஒரே ஒரு வார்த்தைய தாள்ல எழுது, அடுத்த பத்தி. பக்கம் முடியும்போது அஞ்சாறு வார்த்தை சேந்துருக்கும், அதுக்கு நடுவுல தலைப்ப அவளே வைக்கட்டும், தலைப்பு புத்தகத்துல இருக்குறதா இருக்கக் கூடாது. மொத வாரம் தப்புத் தப்பா வரும், நீ கை வைக்காத. தேதி போட்டு எடுத்து வை, ரெண்டு வாரம் கழிச்சு அதே பாடத்த பாக்காம மறுபடி வரையச் சொல்லி பழைய தாளு பக்கத்துல வச்சு அவளையே ஒப்பிடச் சொல்லு. சனிக்கிழமை போன் பண்றேன், அதுக்குள்ள மூணு தாளு சேந்துருக்கட்டும்.